ஊராட்சிக் கட்டடத்தின் கணினி இணைப்புகளைப் பிரித்து அமைத்தல்

(ஊராட்சி ஒன்றியப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவை குறித்து அறிஞர் பலர் பேசிய இம்முகாமில், நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஊராட்சிக் கட்டடத்தின் ஒரு மூலையில், சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டிக்குள், சிறு பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் கருவி ஒன்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதற்குச் சுவிட்ச் என்று பெயர். விளக்கைப் போடவும் அணைக்கவும் உதவும் சுவிட்ச் வேறு, இது வேறு. கட்டடத்திலுள்ள கணினி, அச்சுப்பொறி, காமிரா, வைஃபைக் கருவி ஆகிய அனைத்தின் கேபிள்களும் வந்து சேரும் இடம் இதுவே. கேபிள் செருகும் ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர்.

இக்கருவியில் ஒன்றோடொன்று சேரக் கூடாத இணைப்புகளை எவ்வாறு பிரித்து வைப்பது என்பதே இன்றைய பேச்சு. இது பொறியாளரின் வேலையன்றோ, நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கிணறு வெட்டுகிறவர் வேறொருவரே. ஆயினும் கிணறு எங்கே வேண்டும், எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று தீர்மானிப்பதும், வேலை முடிந்தபின் பார்வையிட்டுப் பட்டியலை அனுமதிப்பதும் மன்றத்தின் கடமையல்லவா? இதுவும் அத்தகையதே. செய்கிறவர் எவரேனும் ஆகுக. செய்யவேண்டியது இன்னது என்று கேட்டு வாங்குவதற்கான அறிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.

எல்லோரும் ஒரே கூடத்தில்

ஊராட்சியின் வேலை முறை மாறிவிட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் பதிவாகின்றன. பணம் வழங்குவதற்கு மின்னணுக் கையொப்பச் சாவி பயன்படுகிறது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், சான்றிதழ் ஆகியவை கணினி வழியே நடக்கின்றன. 2011-ஆம் ஆண்டு தேசியக் கண்ணாடியிழைப் பிணையம் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின்கீழ், ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கம்பிகள் வந்து சேர்ந்தவண்ணம் உள்ளன. நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணிக்கென்றே தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது.

கம்பி வந்துவிட்டால் அதனோடு பல வசதிகளும் கூட வருகின்றன. ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முன்னறையில் செயலரின் கணக்குக் கணினி. பக்கத்து அறையில் பொதுமக்கள் விண்ணப்பிக்கும் சேவை மையம். வாசலிலும் தண்ணீர்த் தொட்டியருகிலும் கண்காணிப்புக் காமிராக்கள். திண்ணையில் அமர்வோர் பயன்படுத்த வைஃபை. சற்றுத் தள்ளி நூலகம். இவை யாவும் நல்லவையே. ஆனால் சுவிட்ச் கடையிலிருந்து வந்தபடியே மாட்டப்பட்டிருந்தால், இவை அனைத்தும் சுவரில்லாத ஒரே கூடத்தில் இருப்பதற்கு ஒப்பாகும். திண்ணையில் உள்ள முன்பின் அறியாத ஒருவரின் கைப்பேசியிலிருந்து, ஊராட்சிப் பணத்தைக் கையாளும் கணினி வரை இடையில் யாதொரு தடையும் இராது.

நடந்தவை இரண்டு

இது வீண் அச்சமோ என்று ஐயுறுவோர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறேன்.

2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கணினியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினாகச் செலுத்துக என்று திரையில் எழுதிக் காட்டியது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் இதற்கு இரையாயின. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், வயநாடு மாவட்டத்தைச் சேர்ந்த தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணினிகளும் இதனால் முடங்கின. சிற்றூரின் ஊராட்சி அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் அன்றே பொய்த்துப் போயிற்று. இத்தீநிரல் ஒரு கணினிக்குள் புகுந்ததும், அதே பிணையத்தில் திருத்தம் செய்யப்படாத வேறு கணினி உண்டா என்று தானே தேடித் தாவும் இயல்புடையது. சுவரில்லாத கூடம் அதற்கு மிகவும் வசதியாயிற்று.

மற்றொன்று 2016-ஆம் ஆண்டில் நடந்தது. 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் அவற்றின் பதிவுக் கருவிகளையும் ஆயிரக்கணக்கில் கைப்பற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவற்றை ஒருசேர ஏவி, அமெரிக்காவில் இணைய முகவரிச் சேவை அளித்துவந்த ஒரு நிறுவனத்தை நிலைகுலையச் செய்தனர். ட்விட்டர் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் பலருக்கும் எட்டாமற் போயின. காமிரா என்பது கண் மட்டுமன்று, அதுவும் ஒரு சிறு கணினியே என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. திருடனைப் பிடிக்க வைத்த காமிராவே திருடன் நுழையும் வழியாகிவிடக் கூடாது.

தண்டோராவும் தெருவும்

இனிச் சுவிட்சின் வேலையைக் காண்போம். 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பார் வகுத்த ஈதர்நெட் முறையே, வளர்ந்து திருந்தி, இன்று நம் கட்டடங்களில் உள்ளது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண்ணுடைய கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைச் சுவிட்ச் கவனித்துக் குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரு செய்தி வரும்போது, அதை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஊர் மக்களை நன்கறிந்த தபால்காரர் கடிதத்தை நேரே உரிய வீட்டில் கொடுப்பது போன்றது இது.

ஆனால் எல்லாச் செய்தியும் கடிதமாக வருவதில்லை. "இந்த முகவரிக்கு உரியவர் யார்? இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு கருவி எல்லோரையும் நோக்கிக் கேட்பதுண்டு. இது தண்டோராப் போடுவதற்கு ஒப்பாகும். சுவிட்ச் இதனை எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பியே தீரும். தண்டோராச் சத்தம் எட்டுமிடமெல்லாம் ஒரு பிணையம்; அங்குள்ளவர் யாவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்து நேரே பேசலாம். கணக்குக் கணினியின் தண்டோரா திண்ணையிலுள்ள கைப்பேசிக்குக் கேட்பதும், கைப்பேசியின் தண்டோரா கணக்குக் கணினிக்குக் கேட்பதும் இதனால்தான்.

இதைத் தடுக்க, அலுவலகத்துக்கு ஒரு சுவிட்ச், காமிராவுக்கு ஒரு சுவிட்ச், பொதுமக்களுக்கு ஒரு சுவிட்ச் எனத் தனித்தனியே வாங்கித் தனித்தனியே கேபிள் இழுக்கலாம். செலவு பெருகும், இடமும் போதாது. ஒரே சுவிட்சுக்குள் பல சுவிட்சுகள் இருப்பதுபோல் பிரித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அதற்கே வி-லான் என்று பெயர். மெய்நிகர் உள்ளகப் பிணையம் என்று தமிழில் கூறுவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுக்கிறோம். ஒவ்வொரு போர்ட்டையும் ஒரு பிரிவில் சேர்க்கிறோம். அதன்பின் ஒரு பிரிவின் தண்டோரா அப்பிரிவின் தெருவுக்குள்ளேயே அடங்கும்.

குறியிட்ட மூட்டைகள்

இதில் ஒரு கேள்வி எழும். ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு சுவிட்சும், நூலகத்தில் இன்னொரு சுவிட்சும் உள்ளன; இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள்தான் செல்கிறது. அந்த ஒரு கேபிளில் காமிராவின் செய்தியும் பொதுமக்களின் செய்தியும் கலந்து சென்றால், மறுமுனையில் எவ்வாறு பிரிப்பது?

ஐந்து விவசாயிகளின் நெல் ஒரே லாரியில் செல்லும்போது என்ன செய்கிறோம்? ஒவ்வொருவர் மூட்டையிலும் அவரவர் குறியைப் போட்டு ஏற்றுகிறோம். இறக்குமிடத்தில் குறியைப் பார்த்துப் பிரித்து அடுக்குகிறார்கள். சுவிட்சும் அவ்வாறே செய்கிறது. பொதுக் கேபிளில் செல்லும் ஒவ்வொரு செய்தியோடும் 4 பைட் அளவுள்ள குறி ஒன்றைச் சேர்க்கிறது. அதில் பிரிவின் எண் உள்ளது. மறுமுனைச் சுவிட்ச் அவ்வெண்ணைப் படித்து, குறியை நீக்கி, உரிய பிரிவின் போர்ட்டுகளுக்கு மட்டும் அனுப்புகிறது. இக்குறிக்கு டேக் என்று பெயர். 1998-ஆம் ஆண்டில் வெளியான 802.1க்யூ என்னும் தரநிர்ணயம் இக்குறியின் வடிவத்தை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்கிற்று. எண்ணுக்கென 12 பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளபடியால் 0 முதல் 4095 வரை எண்கள் உண்டு. இருபுறமும் ஒவ்வொன்று விலக்கப்பட்டிருப்பதால் 1 முதல் 4094 வரை நாம் பயன்படுத்தலாம். நமக்கு ஐந்தே போதும்.

ஒரே பிரிவைச் சேர்ந்த கருவி மாட்டும் போர்ட் ஆக்சஸ் போர்ட் எனப்படும். அங்கே குறி இராது. பல பிரிவுகளின் செய்திகளும் குறியோடு செல்லும் போர்ட் டிரங்க் போர்ட் எனப்படும். இவ்விரண்டு சொற்களையும் நினைவிற் கொள்ளுங்கள். வேலைக்கு வருகிறவர் இச்சொற்களையே பயன்படுத்துவார்.

முதலில் தாளில் எழுதுக

எந்த வேலைக்கும் முன் வரைபடம் வேண்டும். 24 போர்ட்டுகள் உள்ள ஒரு சுவிட்சை எடுத்துக்கொண்டு, நம் ஊராட்சிக் கட்டடத்துக்கு ஏற்ற ஒரு திட்டத்தைச் சொல்லுகிறேன்.

போர்ட் 1 முதல் 6 வரை: கணக்குக் கணினிகளும் அலுவலக அச்சுப்பொறியும். பிரிவு எண் 10.

போர்ட் 7 முதல் 10 வரை: பொதுமக்கள் சேவை மையம். பிரிவு எண் 20.

போர்ட் 11 முதல் 16 வரை: காமிராக்களும் பதிவுக் கருவியும். பிரிவு எண் 30.

போர்ட் 17, 18: பொது வைஃபைக் கருவிகள். பிரிவு எண் 40.

போர்ட் 19 முதல் 21 வரை: பயனில்லாதவை, அடைத்து வைக்கப்படும்.

போர்ட் 22: சுவிட்சுகளை நிர்வகிப்பதற்கு மட்டும். பிரிவு எண் 99.

போர்ட் 23: நூலகச் சுவிட்சுக்குச் செல்லும் டிரங்க். இதில் 30, 40, 99 ஆகிய பிரிவுகள் மட்டும் செல்லும். நூலகத்தில் கணக்கு வேலை இல்லையாதலின், 10-ஆம் பிரிவு அங்கே செல்ல வேண்டியதில்லை.

போர்ட் 24: இணையத் தொடர்பைத் தரும் ரவுட்டருக்குச் செல்லும் டிரங்க். ஐந்து பிரிவுகளும் இதில் செல்லும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனி முகவரி வரிசை வேண்டும். 10-ஆம் பிரிவுக்கு 192.168.10 என்று தொடங்கும் வரிசையும், 20-ஆம் பிரிவுக்கு 192.168.20 என்று தொடங்கும் வரிசையும் கொடுத்தால், முகவரியைப் பார்த்தவுடனே பிரிவு விளங்கும். ஒவ்வொரு வரிசையிலும் 254 முகவரிகள் வரை கொள்ளும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். செம்புக் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. நூலகம் அதற்கு அப்பால் இருந்தால் கண்ணாடியிழையே ஏற்றது. இடி மின்னல் மிகுந்த இடங்களில், இரு கட்டடங்களை இணைக்க எத்தொலைவாயினும் கண்ணாடியிழையே நலம். அது மின்சாரத்தைக் கடத்தாது.

சுவிட்சில் செய்யும் வேலை

திட்டம் எழுதியபின் சுவிட்சுக்கு வருவோம். சந்தையில் இருவகைச் சுவிட்சுகள் உள்ளன. ஒருவகையில் கேபிளைச் செருகலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. மற்றவகை மேனேஜ்டு சுவிட்ச் எனப்படும். நாம் சொல்லியபடி நடக்கும். பிரிவுகள் அமைக்க இவ்வகையே வேண்டும். இதைவிட எளிய 'ஸ்மார்ட்' வகைச் சுவிட்சுகளிலும் பெரும்பாலும் பிரிவு வசதி உண்டு. வாங்குமுன் 802.1க்யூ வசதி உண்டா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்றுதல். மிராய்க்கு வழிவிட்டது இதைச் செய்யாமையே.

இரண்டாவது, பிரிவுகளை எண்ணும் பெயருமாகப் பதிதல். "30" என்று மட்டும் எழுதாமல் "30 காமிரா" என்று எழுதினால் நாளை வருகிறவர்க்கு விளங்கும். கடையிலிருந்து வரும்போது எல்லாப் போர்ட்டுகளும் 1-ஆம் பிரிவில் இருக்கும். நம் வேலைக்கு 1-ஆம் பிரிவைப் பயன்படுத்தாதிருப்பதே நல்லது. இல்லையேல், மறந்துவிட்ட போர்ட்டுகளெல்லாம் நம் அலுவலகப் பிரிவிலேயே சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, போர்ட்டுகளைப் பிரிவில் சேர்த்தல். இங்கே அடிக்கடி ஒரு குறை நேர்கிறது. எளிய சுவிட்சுகளில் இரண்டு இடங்களில் எழுத வேண்டும். போர்ட் எந்தப் பிரிவின் உறுப்பினர் என்பது ஓரிடம்; அதன்வழி உள்ளே வரும் குறியில்லாச் செய்தி எந்தப் பிரிவைச் சாரும் என்பது மற்றோரிடம். இரண்டாவதற்கு பி.வி.ஐ.டி. என்று பெயர். காமிராவின் போர்ட்டை 30-ஆம் பிரிவில் சேர்த்துவிட்டு, பி.வி.ஐ.டி.யை 1 என்றே விட்டுவிட்டால், காமிராவுக்குப் போகும் செய்தி 30-ஆம் தெருவிலும், காமிராவிலிருந்து வரும் செய்தி 1-ஆம் தெருவிலும் நடக்கும். காமிராவும் வேலை செய்யாது, பிரிவும் நிலைக்காது. அவ்வாறே, புதிய பிரிவில் சேர்த்த போர்ட்டைப் பழைய 1-ஆம் பிரிவிலிருந்து நீக்கவும் வேண்டும். புதுக் குடும்ப அட்டையில் பெயர் சேர்த்தவர் பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்குவதைப் போன்றது இது.

நான்காவது, டிரங்க் போர்ட்டுகள். இருமுனையிலும் ஒரே எண்கள் இருத்தல் வேண்டும். இம்முனையில் 40 என்றும் அம்முனையில் 41 என்றும் எழுதினால் நூலகத்தில் வைஃபை வராது. வேண்டிய பிரிவுகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும். 'எல்லாம் செல்லுக' என்று விடுவது எளிது, ஆனால் முறையன்று. ஒரே வைஃபைக் கருவி அலுவலகத்துக்கு ஒரு பெயரும் பொதுமக்களுக்கு ஒரு பெயரும் காட்டுமானால், அக்கருவி மாட்டிய போர்ட்டையும் டிரங்க்காக அமைக்க வேண்டும்.

ஐந்தாவது, பயனில்லாத போர்ட்டுகளை அடைத்தல். சுவரிலுள்ள காலித் துளையில் எவரும் கேபிளைச் செருகிப் பார்க்கலாம்; போர்ட் அடைபட்டிருந்தால் ஒன்றும் நேராது. ஒரே கேபிளின் இருமுனைகளையும் அறியாமல் சுவிட்சிலேயே செருகிவிடுவாரும் உண்டு. அப்போது தண்டோரா சுற்றிச் சுற்றி வந்து பிணையத்தையே முடக்கும். இதைத் தடுக்க 'ஸ்பானிங் ட்ரீ' என்ற ஏற்பாடு சுவிட்சில் உண்டு. அது இயங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, சேமித்தல். இதை அடிக்கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல சுவிட்சுகளில் நாம் செய்த மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். ஆனால் 'சேமி' என்று தனியே கட்டளையிட்டாலன்றி நிலைத்து நில்லாது. மின்சாரம் நின்று திரும்பியதும் பழைய நிலைக்குப் போய்விடும். ஒரே இரவில் மூன்று முறை மின்சாரம் போகும் ஊர்களில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிவு போயிற்று என்பது எவருக்கும் தெரியாது. ஏனெனில் கணினியும் காமிராவும் முன்போலவே இயங்கிக்கொண்டிருக்கலாம். ஆதலின் சேமித்தபின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தே வேலையை ஏற்க வேண்டும்.

மதகும் விதியும்

இதுவரை தெருக்களைப் பிரித்தோம். ஆனால் ஐந்து பிரிவுகளும் 24-ஆம் போர்ட்டின் வழியாக ஒரே ரவுட்டரைச் சென்றடைகின்றன. ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்குச் செய்தியைக் கடத்துவது ரவுட்டரின் இயல்பான தொழில். நாம் தடுக்கச் சொல்லாவிட்டால் பெரும்பாலான ரவுட்டர்கள் அதைச் செவ்வனே செய்து முடிக்கும். வரப்புகளை நன்றாகப் போட்டுவிட்டு மதகுகளையெல்லாம் திறந்து வைத்தால் தண்ணீர் எங்கும் பாயும். வரப்பு இருந்தும் பயன் என்ன? பிரிவு அமைத்தாயிற்று என்று சொல்லப்படும் இடங்களில் வேலை பெரும்பாலும் நின்றுபோவது இங்கேதான்.

ஆகவே ரவுட்டரில் விதி எழுத வேண்டும். முதல் விதி: பிரிவுகளுக்கிடையே எதுவும் செல்லலாகாது. அதன்பின் வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். 10, 20, 40 ஆகிய பிரிவுகள் இணையத்துக்குச் செல்லலாம். காமிராக்களின் 30-ஆம் பிரிவு இணையத்துக்குச் செல்ல வேண்டா. அலுவலகத்தின் ஒரு கணினி மட்டும் பதிவுக் கருவியைப் பார்க்கலாம். 99-ஆம் பிரிவுக்குள் வேறெந்தப் பிரிவும் நுழையலாகாது. சில சுவிட்சுகள் ரவுட்டரின் வேலையையும் தாமே செய்யவல்லவை. அத்தகைய சுவிட்ச் இருக்குமானால் அதிலும் இதே விதிகளை எழுத வேண்டும்.

உங்கள் கைப்பேசியே சாட்சி

வேலை சரியாக நடந்ததா என்பதை உறுப்பினர் எவரும் தாமே சோதிக்கலாம். இப்போது வரும் பிணைய அச்சுப்பொறிகளுக்குத் தம் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று பெரும்பாலும் உண்டு. அலுவலக அச்சுப்பொறியின் முகவரி 192.168.10.50 என்று வைத்துக்கொள்வோம். முதலில் செயலரின் கணினியில் இணைய உலாவியைத் திறந்து அம்முகவரியை இட்டுப் பாருங்கள். பக்கம் திறக்க வேண்டும். பிறகு உங்கள் கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்தி, பொது வைஃபையில் சேர்ந்து, அதே முகவரியை இட்டுப் பாருங்கள். பக்கம் திறக்கலாகாது. திறந்துவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டபின் இதே சோதனையை மறுபடியும் செய்யுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.

இதனால் ஆகாதவை

நல்ல மருந்தாயினும் எந்த நோய்க்கு ஆகாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிரிவு அமைத்ததால் இணையத்தின் வேகம் கூடிவிடாது. ஒரே பிரிவுக்குள் உள்ள இரு கணினிகளில் ஒன்றில் தீநிரல் புகுந்தால் மற்றொன்றுக்குத் தாவுவதை இது தடுக்காது. எவரோ கொண்டுவந்த பென் டிரைவைக் கணக்குக் கணினியில் செருகுவதையும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய எண் கேட்பவரிடம் அதைச் சொல்லிவிடுவதையும் எந்தச் சுவிட்சும் தடுக்காது. வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றிக்கொண்ட கணினிகள் தப்பின. எனவே கணினிகளைக் காலத்தில் புதுப்பித்தலும், கணக்குகளின் நகலைத் தனியே எடுத்து வைத்தலும், கையொப்பச் சாவியை வேலை முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைத்தலும் என்றும் தொடர வேண்டியவை.

மன்றம் செய்ய வேண்டியவை

உறுப்பினர்களே, மன்றத்தின் கடமையாக நான்கு செயல்களைக் குறிப்பிட்டு முடிக்கிறேன்.

ஒன்று, காமிரா, வைஃபை, கணினி இவற்றில் எதை வாங்கத் தீர்மானம் போட்டாலும், அது எந்தப் பிரிவில் சேரும் என்பதை அத்தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு, பணி ஆணையில் நான்கு பொருள்களை ஒப்படைக்கக் கேளுங்கள்: எந்தப் போர்ட்டில் எது என்ற பட்டியல், கேபிள்களின் இருமுனையிலும் ஒட்டிய பெயர்ச்சீட்டு, சுவிட்ச், ரவுட்டர் அமைப்புகளின் நகல், கடவுச்சொற்கள் எழுதி முத்திரையிட்ட உறை. அவ்வுறை ஊராட்சியின் இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். வேலை செய்தவரின் நினைவில் மட்டும் கடவுச்சொல் இருக்குமானால், அவர் ஊரைவிட்டுப் போனால் சுவிட்ச் நமக்கு அந்நியமாகிவிடும்.

மூன்று, நான் சொன்ன கைப்பேசிச் சோதனை நடந்து, அது பதிவேட்டில் குறிக்கப்பட்ட பின்னரே பட்டியலை அனுமதியுங்கள்.

நான்கு, ஆண்டுக்கு இருமுறையும், புதிய கருவி எதுவும் மாட்டிய அன்றும், அச்சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இருக்கும் சுவிட்ச் பிரிவு வசதி இல்லாததாயின், அடுத்த கொள்முதல் வரை பொது வைஃபையைக் கணக்குக் கணினி உள்ள இணைப்பில் சேர்க்காதீர்கள்; தனி இணைப்பு கிடைக்கும்வரை அது காத்திருக்கட்டும்.

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆதார் எண், வங்கிக் கணக்கு, பட்டா விவரம் ஆகியவற்றைச் சேவை மையத்தில் கொடுக்கிறீர்கள். அவற்றைக் காக்கும் பொறுப்பு, பெற்றுக்கொள்பவருக்கு உண்டு என்று 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வரப்பு இந்தச் சுவிட்சில் இருக்கிறது. கிராம சபை கூடும்போது, "நம் ஊராட்சியில் பொது வைஃபையும் கணக்குக் கணினியும் பிரிக்கப்பட்டுள்ளனவா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். ஏரி மதகின் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டென்றால், இதைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பால் சங்கங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இம்முகாம் முடிந்து ஊர் திரும்பியதும், ஒவ்வொருவரும் தத்தம் ஊராட்சிக் கட்டடத்தின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்து, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளுடன் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். ஒன்றிய அலுவலகத்தில் கூடி அமர்ந்து, ஊருக்கு ஊர் பிரிவுத் திட்டம் எழுதிக்கொள்வோம்.